செயின்சாவைத் தொடுவதற்கு முன்: என்ன போட்டுக்கொள்வது? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செயின்சா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சிசி, எத்தனை இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) என்றுதான். எதைப் போட்டுக்கொண்டு அறுப்பது என்ற கேள்வி, பெட்டியைப் பிரித்து, பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்த பிறகு வரும். பலருக்கு வருவதே இல்லை. ஜீன்ஸ், பழைய ஷூ, கறுப்புக் கண்ணாடி, வேலை ஆரம்பம்.

எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் முன்னாலேயே வந்தது அதிர்ஷ்டம். தொடங்கிய முதல் வருடம், தரையில் கிடந்த ஒரு தடியை அறுத்து முடித்திருந்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து விரலை எடுத்தாயிற்று, பிரேக் போடவில்லை. அடுத்த வெட்டுக்கு நகர ஒரு எட்டு வைத்தேன். செயின் முழுதாக நிற்க இன்னும் ஓரிரு நொடி பாக்கி இருந்திருக்கிறது. இடது தொடையில் யாரோ சுண்டிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தால், கால்சட்டைக்கு மேல் கட்டியிருந்த சாப்ஸ் என்ற கால் கவசத்தின் ஆரஞ்சுத் துணியில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழிசல். பிரிந்த தலையணையிலிருந்து பஞ்சு வருவதுபோல வெள்ளை நூல்கற்றை வெளியே வந்து பார் முழுக்கச் சுற்றியிருந்தது. இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கிறது, செயின் மட்டும் அசையவில்லை. மூடியைக் கழற்றி, செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் இறுகிக் கிடந்த நூலைக் குறடு வைத்துப் பிடுங்க அரை மணி நேரம் ஆனது. தொடையில் கீறல்கூட இல்லை.

அந்த அரை மணி நேரத்தில்தான் இந்த உடை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு உண்மையில் புரிந்தது. இது வெட்டுப்படாத துணி கிடையாது. மேல்துணி உடனே வெட்டுப்படும், படவேண்டும். அதற்குக் கீழே பாலியெஸ்டர், அராமிட், டைனீமா போன்ற நீண்ட, வலுவான இழைகள் பல அடுக்காக, தளர்வாக வைக்கப்பட்டிருக்கும். செயினின் பல் அவற்றைக் கொக்கிபோல் இழுத்துக்கொண்டு போய், ஸ்ப்ராக்கெட்டில் திணித்து, மெஷினின் தொண்டையை அடைத்துவிடும். உங்களைக் காப்பாற்றுவது துணியின் கடினம் அல்ல, இழைகளின் தளர்வு. என்ன வாங்குவது, எந்த அளவில் வாங்குவது, எப்படித் துவைப்பது, எப்போது தூக்கிப்போடுவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்த ஒரு விஷயத்துக்குள்ளேயே இருக்கிறது.

படி 1: உங்கள் மெஷினையும் வேலையையும் முதலில் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, மெஷின் பெட்ரோலா, மின்சாரமா? பெட்ரோல் மெஷினில் நூல் சிக்கினால் கிளட்ச் வழுக்கும் அல்லது இன்ஜின் அணைந்துவிடும். மின்மோட்டார் அப்படியில்லை, வேகம் குறைந்தாலும் முறுக்குவிசையை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே கால்சட்டை பெட்ரோல் மெஷினில் தரும் பாதுகாப்பை மின்சார மெஷினில் தராமல் போகலாம். மின்சார மெஷினுக்கு ஏற்றதல்ல என்று லேபிளிலேயே அச்சிட்ட சாப்ஸ் நிறைய உண்டு. பேட்டரி மெஷின் சத்தமில்லாமல் சாதுவாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

இரண்டு, செயினின் வேகம். மெஷினோடு வரும் கையேட்டில் ஒரு நொடிக்கு இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 16 இஞ்ச் பார் உள்ள மெஷினில் செயினின் மொத்தச் சுற்றளவு ஏறக்குறைய ஒரு மீட்டர். நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால், முழுச் செயினும் ஒரே நொடியில் 20 முறை சுற்றி வருகிறது. சுமார் 28 வெட்டும் பற்கள் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 500 பற்களுக்கு மேல் ஒரே இடத்தைக் கடக்கின்றன. "தொட்டதும் காலை இழுத்துக்கொள்வேன்" என்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

மூன்று, வேலை எங்கே நடக்கப்போகிறது? தரையில் கிடக்கும் விறகை அறுப்பது ஒரு வேலை, நிற்கும் மரத்தைச் சாய்ப்பது வேறு வேலை, மரமேறிக் கிளை வெட்டுவது முற்றிலும் வேறு. மரமேறும் வேலை புதியவருக்கானது அல்ல, அதற்கான உடையைப் பற்றி இங்கே நான் பேசப்போவதும் இல்லை.

படி 2: கால்தான் முதலில்

செயின்சாவை எல்லோரும் வலது கையில் பின்பிடி, இடது கையில் முன்பிடி என்றுதான் பிடிக்கிறோம். இடதுகைப் பழக்கமுள்ளவரும் அப்படித்தான் பிடிக்கவேண்டும், மெஷினின் அமைப்பு அப்படி. மரம் அறுந்து முடியும் கணத்தில் மெஷினின் எடை திடீரென்று கையில் இறங்கும். பார் கீழ்நோக்கி ஊசலாடும். அங்கே காத்திருப்பது பெரும்பாலும் இடது தொடையும் முழங்காலும்தான். ஆகவே செலவை எங்கிருந்து தொடங்குவது என்றால், காலிலிருந்து.

கால் கவசம் இரண்டு விதமாகக் கிடைக்கும்.

சாப்ஸ் என்பது போட்டிருக்கும் கால்சட்டைக்கு மேல் முன்பக்கமாகக் கட்டிக்கொள்வது. இடுப்பில் பெல்ட், பின்னால் வார்களும் பக்கிள்களும். மாட்டுவது, கழற்றுவது எளிது. பின்பக்கம் திறந்திருப்பதால் வெக்கை குறைவு. ஒரே சாப்ஸை வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். குறை என்னவென்றால், வாரைச் சரியாக இறுக்காவிட்டால் காலைச் சுற்றித் திரும்பிவிடும். புதரில் நடந்தால் பின்னால் தொங்கும் வாரில் குச்சி மாட்டும்.

முழுக் கால்சட்டையில் இழை அடுக்கு உள்ளேயே தைக்கப்பட்டிருக்கும். அது திரும்பாது, மாட்டாது, உட்கார்ந்து எழுந்தாலும் இடத்திலேயே இருக்கும். கனமும் வெப்பமும் அதிகம்.

என் கருத்து: வருடத்துக்கு நாலைந்து நாள் விறகு அறுப்பவருக்கு, கெண்டைக்காலைச் சுற்றிவரும் வகைச் சாப்ஸ் போதும். மாதா மாதம் மெஷினை எடுப்பவர் கால்சட்டைக்கே போகட்டும். பாதுகாப்போடு வசதியையும் பார்க்கவேண்டும்: வெயில் கொளுத்தும் இடத்தில், போட்டால் பத்து நிமிடத்தில் கழற்றத் தோன்றும் கால்சட்டையைவிட, நாள் முழுக்க இடுப்பில் இருக்கும் சாப்ஸ் மேல்.

படி 3: லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். "கனமாக இருக்கிறது, நல்ல துணி" என்று தடவிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. உள்ளே தைத்திருக்கும் லேபிளில் இவை இருக்கவேண்டும்.

கேடயத்துக்குள் ஒரு செயின்சா படம். அது இல்லையென்றால் அது வெறும் ஆரஞ்சுக் கால்சட்டை.

தர எண். ஐரோப்பிய முறையில் பழைய சரக்கில் இ.என். 381-5 என்றும், புதியதில் இ.என். ஐ.எஸ்.ஓ. 11393-2 என்றும் இருக்கும். அமெரிக்க முறையில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1897. ஐரோப்பியச் சந்தைக்கான உடையில் சி.இ. முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது சரிபார்த்த அமைப்பின் எண். கையால் இயக்கும் செயின்சாவுக்கு எதிரான உடைகள் ஐரோப்பிய விதிப்படி மிகக் கடுமையான மூன்றாம் பிரிவில் வருவதால்தான் அந்த எண் கட்டாயம். சி.இ. என்று மட்டும் அச்சிட்டு, எண் இல்லாமல் விற்றால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வகுப்பு. இது எந்தச் செயின் வேகத்தில் சோதித்தார்கள் என்பதைச் சொல்கிறது:

- வகுப்பு 0: நொடிக்கு 16 மீட்டர்
- வகுப்பு 1: நொடிக்கு 20 மீட்டர்
- வகுப்பு 2: நொடிக்கு 24 மீட்டர்
- வகுப்பு 3: நொடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டர்

வகுப்பு கூடக் கூட அடுக்கும் எடையும் கூடும். வீட்டு உபயோகத்துக்கான சிறிய மெஷினுக்கு வகுப்பு 1 வாங்குபவர்கள்தான் அதிகம். உங்கள் மெஷினின் வேகம் அதைத் தாண்டுகிறது என்றால் மேலே போங்கள். ஆனால் வகுப்பு 1 என்றால் 20 மீட்டர் வேகம்வரை ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட முறையில் பட்டபோது நின்றது என்பதுதான் அதன் பொருள். முழு ஆக்சிலரேட்டரில் காலில் வைத்து அழுத்தினால் எந்த வகுப்பும் தாங்காது. இந்த உடை உங்களுக்கு வாங்கித் தருவது ஒரு நொடியின் சிறு பகுதியை, அதுவும் உரசிச் செல்லும் விபத்தில்.

வடிவம். ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். ஏ வகை இரண்டு காலின் முன்பக்கத்தை மூடும். அதோடு வலது காலின் உட்புறத்திலும் இடது காலின் வெளிப்புறத்திலும் 5 சென்டிமீட்டர் கூடுதல் உண்டு. கவனித்தீர்களா, இரண்டு கூடுதலுமே இடப்பக்கமாகத்தான் போகின்றன. பார் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து வைத்த அமைப்பு அது. பி வகையில் இடது காலின் உட்புறத்துக்கும் 5 சென்டிமீட்டர் சேரும். சி வகை காலைச் சுற்றி முழுக்க மூடும். தரையில் பக்குவமாக நின்று வேலை செய்பவர்கள் ஏ வகையைப் போடுகிறார்கள். கால் எங்கே, பார் எங்கே என்ற கவனம் இன்னும் கைவராத புதியவருக்கு சி வகைதான் பாதுகாப்பு. வெப்பம்தான் அதன் விலை. தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் அறுக்காமல், நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வதாக இருந்தால் சி வகையோடு சமாளிக்கலாம்.

படி 4: போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

வேலைக்குப் போடப்போகும் அதே கால்சட்டை, அதே பூட்ஸோடு கடைக்குப் போங்கள். மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருங்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டியை வைத்து அதைத் தாண்டுங்கள். இடுப்பு இறங்குகிறதா, முழங்காலில் இழுக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு நின்றபடி கீழே பாருங்கள். இழை அடுக்கு கால்சட்டையின் அடி விளிம்புவரை வருவதில்லை, சில சென்டிமீட்டர் காலியாக விட்டிருப்பார்கள். விளிம்பை விரலால் பிசைந்தால் தடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியும். அந்தத் தடித்த பகுதி பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்கவேண்டும். நீளம் குறைந்தால் கணுக்காலுக்கு மேலே ஒரு விரற்கடை திறந்திருக்கும். நீளம் கூடினால் மிதித்துத் தடுக்கி விழுவீர்கள், கையில் ஓடும் மெஷினோடு. நீளத்தைக் குறைக்கத் தையல்காரரிடம் கொடுக்கவே கூடாது. அடுக்கின் மேல் தையல் விழுந்தால் இழைகள் பூட்டப்பட்டுவிடும். தளர்வாக வரவேண்டிய நூல் வராது, செயின் நேராக உள்ளே இறங்கும்.

சாப்ஸ் என்றால் எல்லா வாரையும் மாட்டி, தொடைப் பகுதியைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். எளிதாகத் திரும்பினால் அளவு பெரியது. கெண்டைக்கால் வாரை மாட்டச் சோம்பல்பட்டு விட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

படி 5: தலை, முகம், காது

பாரின் முனையின் மேல்பாதி எதிலாவது முட்டினால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். கிக்பேக் என்பார்கள். கண் சிமிட்டுவதற்குள் நடந்து முடிந்துவிடும். தலைக்கவசத்தை எகிறலுக்காக மட்டும் வாங்குவதில்லை, மேலிருந்து விழும் காய்ந்த கிளைக்காகவும்தான். ஹெல்மெட், வலை வைசர் (முகத்தை மறைக்கும் வலைத் திரை), காது மஃப் (காதை மூடும் சத்தத் தடுப்பு) மூன்றும் ஒன்றாக வரும் செட் வாங்குவதே புத்திசாலித்தனம். தனித்தனியாக இருந்தால் ஏதாவது ஒன்றை வீட்டில் மறந்துவிட்டு வருவோம்.

ஹெல்மெட்டின் உட்புறத்தில் கடிகார முகம் மாதிரி ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். நடுவில் வருடம், அம்புக்குறி காட்டுவது மாதம். அதுதான் தயாரித்த தேதி. பிளாஸ்டிக் வெயிலில் நாளாவட்டத்தில் உளுத்துப்போகும். தயாரிப்பாளர் சொன்ன காலம் முடிந்தால் மாற்றவேண்டும். ஒருமுறை பலமாக அடி வாங்கியிருந்தால், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றவேண்டும். பெயின்ட் அடிப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அழகுதான். ஆனால் பெயின்டில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கலாம், ஸ்டிக்கருக்கு அடியில் விரிசல் ஒளிந்துகொள்ளும்.

வலை வைசரில் ஆவி படியாது, மரச் சிம்புகளைத் தடுக்கும். மாவு போன்ற தூளைத் தடுக்காது. ஆகவே உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். மெல்லிய காம்பு உள்ளதாகப் பாருங்கள். தடித்த காம்பு காது மஃப்பின் மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியே சத்தம் உள்ளே வரும்.

சத்தத்தைப் பெரும்பாலோர் அலட்சியம் செய்கிறார்கள். பெட்ரோல் செயின்சா சாதாரணமாக 100 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும் என்பது வழக்கமான கணக்கு. போட்டுப் பாருங்கள்: 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான் வரும். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் அன்றைய கோட்டா முடிந்துவிடுகிறது.

படி 6: பூட்ஸ்

இதற்கும் தனித் தரம் உண்டு, ஐ.எஸ்.ஓ. 17249. நிலை 1 நொடிக்கு 20 மீட்டரில் தொடங்கும். விரல்களுக்கு மேல் இரும்புத் தொப்பி, பாதத்தின் மேல்புறத்தில் வெட்டுத் தடுப்பு, கணுக்காலுக்கு மேல் உயரம், ஆழமாகப் பல் வைத்த அடிப்பாகம். சாதாரணத் தொழிற்சாலை ஷூவில் இரும்புத் தொப்பி மட்டும்தான் இருக்கும். தொப்பி முடியும் இடத்துக்கும் கயிறு கட்டும் இடத்துக்கும் நடுவில் பாதம் வெறும் தோலுக்குள் இருக்கிறது. பார் இறங்கி நிற்கும் இடமும் அதுதான்.

சேறும் ஈரமும் உள்ள இடத்துக்கு வெட்டுத் தடுப்புள்ள ரப்பர் பூட்ஸ் கிடைக்கும். மேட்டிலும் பாறையிலும் நடப்பவருக்குத் தோல் பூட்ஸ்தான் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும்.

படி 7: கையுறை

சில செயின்சா கையுறைகளில் இடது கையின் புறங்கையில் மட்டும் தடித்த அடுக்கு இருக்கும். வலதில் இருக்காது. ஜோடி தவறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். முன்பிடியில் செயினுக்கு அருகில் இருப்பது இடது கை, அதனால்தான் அப்படி. உள்ளங்கையில் அடுக்கு வைத்தால் பிடி தளரும் என்பதால் அங்கே வைப்பதில்லை.

கையுறை போட்டபடியே ஆக்சிலரேட்டரை அழுத்தி விடுங்கள், பிரேக்கைத் தள்ளுங்கள், பெட்ரோல் மூடியைத் திறந்து மூடுங்கள். விரல் நுனியில் துணி மிச்சமாகத் தொங்கினால் ஒரு அளவு கீழே எடுங்கள். மெஷினின் அதிர்வைத் தடுக்கும் என்று சொல்லி விற்பவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கையை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வதும் இடையிடையே ஓய்வு கொடுப்பதும்தான் அங்கே உதவும்.

படி 8: மேலுடம்பு

தரையில் வேலை செய்யும் புதியவருக்கு வெட்டுத் தடுப்புச் சட்டை கடைசியாக வாங்கவேண்டியது. முழுக்கை, உடம்போடு ஒட்டிய, கண்ணைப் பறிக்கும் நிறச் சட்டை போதும். தொங்கும் எதுவும் ஆகாது: கழுத்தில் சுற்றிய துணி, முன்னால் தொங்கும் கயிறு, கழுத்துச் செயின், வளையல், அவிழ்த்துவிட்ட கூந்தல். கூந்தலைச் சட்டைக்குள் செருகுங்கள்.

ஒரு சட்டைப் பையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். காயத்தை அழுத்திக் கட்டும் பெரிய பேண்டேஜும், இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையும் அங்கேதான் இருக்கவேண்டும், வண்டியில் உள்ள முதலுதவிப் பெட்டியில் அல்ல. வண்டிவரை நடக்க முடியாத நாளுக்குத்தானே அது.

படி 9: பராமரிப்பு, தூக்கிப்போடுதல்

எண்ணெயும் பெட்ரோலும் ஊறிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. தீப்பற்றும் ஆபத்தும் கூட. ஆகவே அழுக்கான உடைதான் உழைப்பாளியின் அடையாளம் என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்ததும் தூளைப் பிரஷ்ஷால் தட்டி, லேபிளில் சொன்ன சூட்டில் துவையுங்கள். ப்ளீச் கூடாது, அராமிட் இழையை அது அரித்துவிடும். துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது. நிழலில் தொங்கவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி அருகில் வரவேண்டாம், பாலியெஸ்டர் உருகி ஒன்றாகிவிடும்.

மேல்துணியில் மட்டும் முள் கிழித்த சிறு ஓட்டை என்றால், தயாரிப்பாளர் சொன்ன முறையில் ஒட்டுப்போடலாம். உள்ளே வெள்ளை இழை தெரிந்தாலோ, செயின் ஒருமுறை தொட்டிருந்தாலோ, அந்த உடையின் வேலை முடிந்தது. இழுத்து வெளியே வந்த நூலை மறுபடி உள்ளே திணிக்க முடியாது. யாரோ பயன்படுத்திய சாப்ஸை மலிவாக வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். எத்தனை முறை ப்ளீச்சில் ஊறியது, எங்கே தைத்தது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

என்னுடைய அந்த முதல் சாப்ஸை ஒரு வாரம் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்த ஒருவர் "இதில் ஒரு கிழிசல்தானே, எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். அன்றே தோட்டக் கத்தரியால் இரண்டு காலையும் குறுக்கே வெட்டினேன். கத்தரி நாலைந்து முறை நூலில் சிக்கிக்கொண்டது.